சிறுகதையையும் அதன் திரைப்படத்தையும் ஒப்பிட்டுப் படிப்பது எப்படி: ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’யை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கதையைப் படித்துவிட்டு அதிலிருந்து எடுத்த படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் எழுந்து வருகிறார்கள். கதையை அப்படியே எடுத்திருக்கிறார்களா, கெடுத்துவிட்டார்களா? இப்படிக் கேட்டால் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்ற பதில்தான் அனேகமாக வரும், அதோடு பேச்சும் முடிந்துவிடும். கதையைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது, படத்தைப் பற்றியும் தெரிந்திருக்காது.

இதற்குப் பதிலாக வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த இடத்தை இயக்குநர் மாற்றாமல் விட்டிருந்தால் படம் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு மாற்றத்தின் முன்னும் நின்று இதைக் கேட்க வேண்டும். நல்ல இயக்குநர் ஒரு கதையை மாற்றும்போது அந்தக் கதையோடு வாதாடுகிறார். சில இடங்களில் நீங்கள் சொன்னது சரி என்கிறார், சில இடங்களில் எனக்கு அப்படித் தோன்றவில்லை என்கிறார். அந்த வாதம் எது என்று கண்டுபிடிப்பதுதான் ஒப்பீட்டின் வேலை.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகிறேன். பிரேம்சந்த் 1924-இல் எழுதிய ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’, அதாவது சதுரங்க ஆட்டக்காரர்கள். அதை வைத்து சத்யஜித் ரே 1977-இல் எடுத்த அதே பெயருள்ள படம். இரண்டின் முடிவையும் விவரமாகப் பேசப்போகிறேன், எனவே முடிவு தெரியாமல் படிக்க, பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

படி 1: ஏன் சிறுகதை?

நாவலைப் படமாக்கும்போது இயக்குநரின் முதல் வேலை வெட்டுவது. ஐந்நூறு பக்கத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தாக வேண்டும், எதைத் தூக்கிப்போட்டார் என்பதிலேயே நம் கவனம் போய்விடும். சிறுகதையில் நிலைமை தலைகீழ். பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் இருப்பதை இரண்டு மணி நேரத்துக்கு நீட்ட வேண்டும் என்றால் இயக்குநர் தன் கையிலிருந்து போட்டே தீர வேண்டும். அதனால் சிறுகதையிலிருந்து வந்த படத்தைப் பார்க்கும்போது விட்டதை விடச் சேர்த்ததைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஜோடியைத் தேர்ந்தெடுக்கும்போது கதை, படம் இரண்டுமே தனித்தனியாக நிற்கக்கூடியவையாக இருக்கட்டும். சுமாரான கதையிலிருந்து வந்த அருமையான படத்தையோ, அருமையான கதையிலிருந்து வந்த மோசமான படத்தையோ எடுத்தால் யார் ஜெயித்தார் என்று சொல்வதோடு கட்டுரை நின்றுவிடும்.

படி 2: கதையை முதலில் படியுங்கள், இரண்டு தடவை

படத்தை முதலில் பார்த்துவிட்டால் கதையைப் படிக்கும்போது மிர்சாவுக்கு சஞ்சீவ் குமாரின் முகமும் மீருக்கு சயீத் ஜாஃப்ரியின் குரலும் வந்துவிடும், அப்புறம் பிரேம்சந்த் எழுதிய மனிதர்களைப் பார்க்கவே முடியாது. முதல் தடவை சாதாரணமாகப் படியுங்கள். இரண்டாவது தடவை பென்சிலோடு உட்காருங்கள்.

கதையின் எலும்புக்கூட்டைச் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்வது அவசியம். இந்தக் கதைக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும். அவத் ராஜ்யத்தின் அரசர் வாஜித் அலி ஷாவின் காலம், அதன் தலைநகரான லக்னோ. ஊரே கேளிக்கையில் மூழ்கிக் கிடக்கிறது. காடைச் சண்டை, கௌதாரிச் சண்டை, சொக்கட்டான், அபின். மிர்சா சஜ்ஜத் அலி, மீர் ரோஷன் அலி என்று இரண்டு ஜாகீர்தார்கள், பரம்பரைச் சொத்தில் வாழ்கிறவர்கள், காலையிலிருந்து இரவு வரை சதுரங்கப் பலகையை விட்டு எழுந்திருப்பதில்லை. மிர்சாவின் மனைவிக்குத் தலைவலி, ஆள் மேல் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறாள், அவர் ஆட்டத்தை விட்டு எழ மனமில்லாமல் இழுத்தடிக்கிறார். கடைசியில் அவள் ஆத்திரத்தில் ஆட்டத்தைக் கலைத்துக் காய்களை விட்டெறிகிறாள். ஆட்டம் மீரின் வீட்டுக்கு மாறுகிறது. மீரின் மனைவிக்கோ கணவர் வீட்டில் இல்லாமலிருப்பதுதான் வசதி. ஒரு நாள் குதிரைவீரன் ஒருவன் வந்து அரசர் படைக்கு மீரைக் கூப்பிடுவதாகச் சொல்கிறான். பயந்துபோன இரண்டு பேரும் கோமதி ஆற்றுக்கு அப்பால் ஒரு பாழடைந்த மசூதிக்குப் பாயும் ஹுக்காவும் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஆடுகிறார்கள். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கண்ணெதிரே லக்னோவுக்குள் போகிறது. அரசரைப் பிடித்துக்கொண்டு அதே படை திரும்பி வருகிறது. அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. சாயங்காலம் ஒரு காயை நகர்த்தியதில் தகராறு வந்து, உன் பாட்டன் யார், என் பாட்டன் யார் என்று வளர்ந்து, வாளை உருவி இருவரும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்கிறார்கள்.

இதை எழுதி வைத்துக்கொண்டால் போதும், படத்தில் எந்தக் கண்ணி எங்கே மாறுகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பிரேம்சந்த் இந்தியிலும் உருதுவிலும் எழுதியவர், இந்தக் கதைக்கு உருது வடிவமும் உண்டு, அதன் பெயர் ‘ஷத்ரஞ்ச் கீ பாஜி’. நாம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறோம். எந்த வடிவத்தைப் படித்தீர்கள் என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள், தனித்தனிச் சொற்களின் மேல் பெரிய வாதம் எதையும் கட்டாதீர்கள். நிகழ்ச்சி, வரிசை, யார் பார்வையில் சொல்லப்படுகிறது, எங்கே முடிகிறது, இவையெல்லாம் மொழிபெயர்ப்பிலும் தப்பிப் பிழைப்பவை, உங்கள் ஒப்பீட்டை அவற்றின் மேல் வையுங்கள்.

படி 3: கதை சொல்கிறவரின் குரலைத் தனியாகப் பிடியுங்கள்

இரண்டாவது வாசிப்பில் பென்சிலால் கோடு போட வேண்டியது பாத்திரங்கள் பேசும் வரிகளுக்கு அல்ல, ஆசிரியர் தானாக வந்து பேசும் வரிகளுக்கு. படத்தில் முதலில் காணாமல் போகப்போவது அவைதான். ஒருவர் என்ன செய்தார் என்பதை கேமராவால் காட்ட முடியும். அதைப் பற்றி ஆசிரியர் சொன்ன தீர்ப்பை அப்படியே காட்ட வழியில்லை.

பிரேம்சந்தின் குரல் இந்தக் கதையில் மிகக் கடுமையானது. அரசர் பிடிபட்டு, ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் நாடு கைமாறும் இடத்தில், இது தேவர்கள் மகிழும் அகிம்சை அல்ல, பெரிய பெரிய கோழைகளும் கண்ணீர் விடுகிற கோழைத்தனம் என்று எழுதுகிறார். 1924-இல் ஒருவர் அகிம்சை என்ற சொல்லைக் கதையில் வைக்கிறார் என்றால் அதைச் சாதாரணமாகத் தாண்டிப் போகக்கூடாது. காந்தியின் அழைப்பைக் கேட்டு 1921-இல் அரசாங்க வேலையை உதறியவர் அவர். ஒத்துழையாமை இயக்கம் 1922-இல் நிறுத்தப்பட்டிருந்தது. அந்த நேரத்தில், துணிவிலிருந்து வரும் அகிம்சை வேறு, சோம்பலிலிருந்தும் பயத்திலிருந்தும் வரும் அமைதி வேறு என்று தன் காலத்து வாசகர்களுக்குப் பிரித்துக் காட்டுகிறார் என்றே நான் படிக்கிறேன். கதை 1856-ஐப் பற்றியது, கோபம் 1924-இன் கோபம்.

அப்புறம், மரணத்துக்குப் பின் வரும் வரி. தங்கள் பாதுஷாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத இருவர் சதுரங்க மந்திரியைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தார்கள் என்கிறார். அதற்குப் பிறகு இருட்டு, பலகையில் சிம்மாசனத்தில் அமர்ந்தபடி இந்த இரு வீரர்களுக்காக அழுவது போன்ற இரண்டு ராஜாக்கள், பிணங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மசூதியின் உடைந்த வளைவுகள். இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், முடிவைப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

படி 4: படத்தை முதலில் சும்மா பாருங்கள்

குறிப்பெடுக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். படம் உங்களை எங்கே சிரிக்க வைத்தது, எங்கே சலிப்படைய வைத்தது, யார் மேல் இரக்கம் வந்தது என்பதை முடிந்தவுடன் நாலு வரி எழுதி வையுங்கள். இது பிற்பாடு ரொம்ப உதவும், ஏனென்றால் பல தடவை பார்த்த பிறகு முதல் உணர்ச்சி மறந்துவிடும்.

இந்தப் படத்தில் என் முதல் உணர்ச்சி, வாஜித் அலி ஷாவின் மேல் வந்த இரக்கம். கதையைப் படித்தபோது அந்த மனிதரைப் பற்றி எதுவுமே தோன்றியிருக்கவில்லை, அவர் அங்கே பெயராகத்தான் இருக்கிறார். எங்கே உங்கள் உணர்ச்சி கதையில் ஒன்றாகவும் படத்தில் ஒன்றாகவும் இருக்கிறதோ அங்கேதான் இயக்குநர் ஏதோ செய்திருக்கிறார்.

படி 5: காட்சிப் பட்டியலும் மூன்று பத்தியும்

இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி: இடம், யார், என்ன நடக்கிறது, ஏறக்குறைய எத்தனை நிமிடம். பக்கத்தில் நெடுக்குவாக்கில் மூன்று பத்தி போட்டுக்கொண்டு, கதையில் இருந்தது, கதையில் இருந்து மாறியது, புதிதாக வந்தது என்று பிரித்து அடையாளம் இடுங்கள். கதையில் இருந்து படத்தில் காணாமல் போனவற்றைக் கீழே தனியாக எழுதுங்கள்.

சலிப்பான வேலைதான், ஆனாலும் இதைத் தவிர்த்தவர்களின் கட்டுரையில் எல்லாமே நினைவிலிருந்து வரும், நினைவு எப்போதும் பிடித்த காட்சிகளை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். பட்டியல் போட்டால் ஒரு உண்மை உடனே தெரிந்துவிடும்: இந்தப் படத்தின் பெரும்பகுதி கதையில் கிடையாது. அரண்மனை கிடையாது, கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி கிடையாது, அவையில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் ஒரு வரியில் வந்து போகிறாரே தவிரப் பாத்திரமாகக் கிடையாது. கதையில் நாள் கணக்கே தெரியாமல் நீளும் காலம், படத்தில் 1856-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிப்ரவரி 7 வரையிலான சில நாட்களாகச் சுருங்குகிறது.

படி 6: சேர்த்தவற்றில் பெரியதை எடுத்துத் தோண்டுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

படம் சதுரங்கக் காய்களை நகர்த்தும் கைகளோடு தொடங்குகிறது, அமிதாப் பச்சனின் குரல் கதை சொல்கிறது. கொஞ்ச நேரத்திலேயே ஒரு கேலிச்சித்திரப் பகுதி வருகிறது. இந்திய ராஜ்யங்களைச் செர்ரிப் பழங்களாக வைத்து ஒவ்வொன்றாக விழுங்குவதைக் காட்டுகிறார்கள். இது ரே கற்பனையாகச் சேர்த்த நகைச்சுவை இல்லை. அவத் ஒரு செர்ரிப் பழம், ஒரு நாள் நம் வாயில் வந்து விழும் என்று டல்ஹவுசியே கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1801 ஒப்பந்தத்தில் பாதி ராஜ்யத்தைக் கம்பெனிக்குக் கொடுத்து, அதன் பிறகும் நவாபுகள் கம்பெனிக்குக் கடன் கொடுத்துக்கொண்டே இருந்த வரலாறு இங்கே சில நிமிடத்தில் சொல்லப்படுகிறது.

இப்போது நம் கேள்வியைக் கேளுங்கள். இது இல்லாமல் இருந்தால்? லக்னோ கெட்டது லக்னோக்காரர்களின் கேளிக்கையால்தான் என்ற பிரேம்சந்தின் வாதம் அப்படியே நின்றிருக்கும். கதையில் பழி முழுக்க உள்ளே இருப்பவர்கள் மேல். கம்பெனிப் படை மழை வருவது போல வந்து போகிறது, அதற்கு முகம் கிடையாது. ரே அதற்கு முகம் கொடுக்கிறார். ரிச்சர்ட் அட்டன்பரோ நடித்த ரெசிடென்ட் ஊட்ரம், டாம் ஆல்டர் நடித்த கேப்டன் வெஸ்டனைக் கூப்பிட்டு அரசரைப் பற்றி விசாரிக்கும் காட்சியைப் பலமுறை பாருங்கள். ஐந்து வேளை தொழுகிறார், கவிதை எழுதுகிறார், பாடுகிறார், ஆடுகிறார், பட்டம் விடுகிறார், இத்தனை மனைவிகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இப்படி ஒரு ஆளை அரசராக விட்டுவைக்கலாமா என்ற முடிவுக்கு ஊட்ரம் வருகிறார். வெஸ்டனுக்கு உருது தெரியும், அரசரின் கவிதை ஒன்றைச் சொல்லி மொழிபெயர்த்தும் காட்டுகிறார். ஊட்ரமுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே அறையில் இருக்கும் இரண்டு ஆங்கிலேயர்களுக்குள் ஒருவர் அந்தப் பண்பாட்டை ரசிக்கிறவர், இன்னொருவருக்கு அது கேலிக்குரியது. அதிகாரம் இரண்டாமவர் கையில் இருக்கிறது.

அதே ஊட்ரம் பிறகு, நாம் செய்வது நியாயமா என்ற சங்கடத்தை டாக்டர் ஃபெய்ரரிடம் வெளியே விடுகிறார். வில்லனாக எடுத்திருந்தால் வேலை எளிது. சங்கடப்பட்டுக்கொண்டே உத்தரவை நிறைவேற்றுகிற மனிதராக எடுத்ததால்தான் அந்த ஆட்சி எப்படி நடந்தது என்பது நமக்குப் புரிகிறது.

அடுத்தது வாஜித் அலி ஷா. 1975-இல் ‘ஷோலே’யில் கொள்ளைக்காரன் கப்பர் சிங்காக நாடே பார்த்து நடுங்கிய அம்ஜத் கானை, பாட்டு எழுதும் அரசராக உட்கார வைத்தது எவ்வளவு துணிச்சலான தேர்வு! அவையில் கதக் நடனம் நடக்கிறது, பிர்ஜு மகராஜ் அமைத்த நடனம், ரே அதை அவசரப்படாமல் முழுசாகப் பார்க்க விடுகிறார். ஏன் இவ்வளவு நேரம்? கதையில் கேளிக்கை என்பது ஒரு பட்டியல். காடைச் சண்டையும் அபினும் பாட்டும் ஒரே வரிசையில், ஒரே வெறுப்போடு வருகின்றன. படத்தில் அந்த நடனத்தைப் பார்க்கிற எவருக்கும் இதுவும் காடைச் சண்டையும் ஒன்று என்று சொல்ல வாய் வராது. ஒரு ராஜ்யம் அழிகிறபோது அதனோடு போகிற கலை என்ன என்று ரே கேட்கிறார். பிரேம்சந்துக்கு அந்தக் கேள்வி இல்லை, நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில் எழுதியவருக்கு அதற்கு நேரமும் இல்லை.

கடைசிச் சந்திப்பில் அரசர் கிரீடத்தைத் தலையிலிருந்து எடுத்து ஊட்ரமிடம் நீட்டுகிறார், கிரீடம் இல்லாத வெறுந்தலையோடு உங்கள் முன் நிற்பேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். ஊட்ரம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். வாஜித் அலி ஷா உண்மையிலேயே கையெழுத்துப் போட மறுத்தார், பிறகு கல்கத்தாவில் மட்டியாபுருஜில் வாழ்ந்து 1887-இல் இறந்தார். கதையில் பிடிபட்டுப் போகிற அரசர் படத்தில் மறுத்துவிட்டு விட்டுக்கொடுக்கிறார். ஒரே நிகழ்ச்சி, கதையில் கோழைத்தனம், படத்தில் ஆயுதம் இல்லாத ஒரு மறுப்பும் கூட. படம் வந்தபோது அரசரை ரே காட்டிய விதம் பற்றி எதிர்ப்பு எழுந்தது, ரே அதற்கு எழுத்தில் விரிவாகப் பதில் சொன்னார். அரசரை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் அன்றே ஒருமித்த கருத்து இல்லை என்பது உங்கள் ஒப்பீட்டுக்கு நல்லதுதான், நீங்களும் ஒரு பக்கம் எடுத்துப் பேசலாம்.

படி 7: இரண்டிலும் இருக்கிற ஒரு நிகழ்ச்சியைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

சேர்த்ததைப் பார்த்தாகிவிட்டது. இப்போது மாறாதது போலத் தெரிகிற ஒன்றை எடுங்கள், மாற்றம் அங்கே நுட்பமாக ஒளிந்திருக்கும்.

மிர்சாவின் மனைவிக்குக் கதையில் பெயர் கிடையாது. தலைவலி, கோபம், மீரின் மேல் வசவு. படத்தில் அவள் குர்ஷித், ஷபானா ஆஸ்மி. தலைவலி ஒரு சாக்கு, கணவர் பக்கத்தில் வர வேண்டும் என்பதுதான் ஆசை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் வருகிறார், மனம் முழுக்கப் பலகையில் இருக்கிறது. காய்களை அவள் ஒளித்து வைத்ததும் நண்பர்கள் காய்கறிகளை வைத்து ஆட்டத்தைத் தொடர்வது சிரிப்பாக இருக்கிறது, அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே அந்தப் பெண்ணின் தனிமை தெரிகிறது. கதையில் ஆட்டத்துக்கு இடைஞ்சலாக வருகிற ஒருத்தி, படத்தில் ஆட்டத்தால் வாழ்க்கையை இழந்தவள்.

மீரின் வீட்டில் மாற்றம் இன்னும் பெரிது. கதையில் அந்தக் குதிரைவீரன் அவர் மனைவியோடு கூட்டு. மீர் போனதும் இரண்டு பேரும் நன்றாக ஏமாற்றினோம் என்று பேசிக்கொள்கிறார்கள், அதோடு அந்த இழை அறுந்துவிடுகிறது, கடைசிச் சண்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. படத்தில் மீரின் மனைவி நஃபீஸாவின் காதலன் மீரின் உறவுக்காரன் அகீல். அவன் மீரிடமே பிடிபடுகிறான், படைக்கு ஆள் பிடிக்கிறார்கள், அதற்குப் பயந்து ஒளிந்தேன் என்று சொல்லித் தப்பிக்கிறான், மீர் நம்புகிறார். நம்பத்தான் விரும்புகிறார். இந்த இழை அறுபடாமல் கடைசி வரை போகிறது: கடைசியில் அவர்கள் ஆடப் போகிற கிராமத்தில், ஆட்டத்தின் நடுவே மிர்சா இந்த ரகசியத்தைத்தான் மீரின் முகத்தில் எறிகிறார், துப்பாக்கி அதனால்தான் வெடிக்கிறது. பிரேம்சந்தில் பாட்டன் பெருமைக்காகச் சண்டை, ரேயில் கண்ணெதிரே நடந்ததைப் பார்க்க மறுத்ததற்காகச் சண்டை. வீட்டில் நடப்பதைப் பார்க்காதவர், நாட்டில் நடப்பதைப் பார்க்காதவர் இரண்டும் ஒரே ஆள் என்று படம் சேர்த்துக் கட்டிவிடுகிறது.

இப்படி ஒரு இழை கதையில் எங்கே அறுகிறது, படத்தில் எங்கே போய் முடிகிறது என்று தேடிப் பார்ப்பது எந்த ஜோடிக்கும் பலன் தரும்.

படி 8: முடிவு

கதையில் இருவரும் சாகிறார்கள். படத்தில் சாகவில்லை. இதைச் சொல்லிவிட்டு நிறுத்துகிற கட்டுரைகள் நிறைய உண்டு, நிறுத்தாதீர்கள்.

முதலில் இடத்தைப் பாருங்கள். படத்திலும் மீர் மசூதியைத் தேடித்தான் நண்பரைக் கூட்டிப்போகிறார், ஆனால் அந்த மசூதி கிடைக்கவில்லை. ஊரார் பயந்து ஓடிப்போன ஒரு கிராமத்தில், கல்லு என்ற சிறுவன் எடுபிடி வேலை செய்ய, திறந்தவெளியில் ஆடுகிறார்கள். கதையின் கடைசியில் பிணங்களைப் பார்த்துத் துக்கம் காத்தது அந்த மசூதிதான். பழைய பெருமைக்கும் துக்கத்துக்கும் அடையாளமாக நின்ற கட்டடத்தை ரே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஏழைப் பையனை வைக்கிறார். கம்பெனிப் படை வருகிறதைப் பார்க்கிறவன் அவன்தான். வரலாற்றுக்குச் சாட்சி இனி கல் இல்லை, அந்தப் பையன்.

பிறகு துப்பாக்கி. குண்டு மிர்சாவின் உயிருக்கு ஒன்றும் செய்யாமல் உரசிப் போகிறது. சொந்த மனைவியைச் சமாளிக்கத் தெரியாதவர்கள் கம்பெனிப் படையை எப்படிச் சமாளிப்போம் என்ற ஒப்புதல் வருகிறது. அதன் பிறகு இருவரும் மறுபடி உட்கார்ந்து ஆடுகிறார்கள், இந்தத் தடவை ஆங்கிலேய முறையில். படத்தின் முற்பகுதியில் முன்ஷி நந்தலால் வந்து அந்த முறையை விளக்கியிருப்பார்: நம் மந்திரி இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ராணி, சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம், ஆட்டம் சீக்கிரம் முடியும். அப்போது அது வம்புப் பேச்சு போலத்தான் இருந்தது. கடைசியில் மந்திரியே விலகு, விக்டோரியா மகாராணி வருகிறார் என்று காயை நகர்த்தும்போது அந்தப் பேச்சு எதற்காக வைக்கப்பட்டது என்பது புரிகிறது.

இப்போது பிரேம்சந்தின் அந்த வரியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சதுரங்க மந்திரியைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தார்கள். ரேயின் மனிதர்கள் மந்திரியைத் தாங்களே ஒதுக்கிவிட்டு ராணியை வரவேற்கிறார்கள். கதையில் அவர்களுக்குள் இன்னும் வீரம் மிச்சமிருக்கிறது, தவறான இடத்தில் செலவாகிறது, அதுதான் பிரேம்சந்தின் வேதனை. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல முடியாது என்பதையும் அவரே கதையில் எழுதுகிறார். ரே அந்த வீரத்தையும் கொடுக்கவில்லை. என் முடிவு இது: சாவை எடுத்துவிட்டதால் படம் மென்மையாகவில்லை, தண்டனை கூடியிருக்கிறது. வெட்டிக்கொண்டு செத்திருந்தால் ஒரு காலம் முடிந்தது என்று சொல்லிவிடலாம். உயிரோடு இருந்து புது எஜமானரின் விதிகளைக் கற்றுக்கொண்டு ஆடுகிறார்கள். மேல்தட்டில் பலர் உண்மையில் அப்படித்தான் அடுத்த தொண்ணூறு வருடத்தைக் கழித்தார்கள்.

நீங்கள் இதை ஏற்கத் தேவையில்லை. வெட்டிச் சாகும் முடிவில் இருக்கிற இடி படத்தில் இல்லை, சிரிப்பு அதைக் கரைத்துவிட்டது என்று ஒருவர் வாதாடினால் அதையும் மதிப்பேன், காட்சிகளைக் காட்டி வாதாட வேண்டும், அவ்வளவுதான்.

படி 9: இரண்டும் பிறந்த காலம்

கதை நடக்கிற காலம் ஒன்று, எழுதிய காலம் ஒன்று, படம் எடுத்த காலம் ஒன்று. 1856, 1924, 1977. மூன்றையும் தாளில் எழுதி, எழுதியவருக்கும் எடுத்தவருக்கும் யாரிடம் என்ன சொல்ல வேண்டியிருந்தது என்று யோசியுங்கள். பிரேம்சந்துக்கு எதிரில் ஆங்கிலேயர் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள், அதனால் அவர் தன் ஆட்களை உலுக்கினார். ரே படம் எடுத்தபோது நாட்டுக்கு விடுதலை கிடைத்து முப்பது வருடம் ஆகிவிட்டது, இரண்டு தரப்பையும் நிதானமாகப் பார்க்கும் வசதி இருந்தது.

இங்கே அவசரப்படக் கூடாது. படம் உருவான காலம் நெருக்கடி நிலையின் காலம், எனவே இது நெருக்கடி நிலையைப் பற்றிய படம் என்று உடனே எழுதத் தோன்றும். படத்துக்குள் எந்தக் காட்சி அப்படிச் சொல்கிறது என்று காட்ட முடிந்தால் எழுதுங்கள், வருடங்கள் ஒன்றாக இருப்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

படி 10: எழுத உட்காரும்போது

முதலில் ஒரு வாக்கியத்தில் உங்கள் கண்டுபிடிப்பைச் சொல்லிப் பாருங்கள். ‘படம் கதையிலிருந்து பல இடங்களில் வேறுபடுகிறது’ என்பது கண்டுபிடிப்பு இல்லை, எல்லாப் படமும் வேறுபடும். ‘பிரேம்சந்த் லக்னோவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார், ரே கம்பெனியையும் அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்துகிறார், அதன் பிறகு லக்னோவின் தண்டனையைக் குறைக்கவும் இல்லை’ என்பது கண்டுபிடிப்பு. ஒருவர் மறுக்கலாம், நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கதைக்கு நாலு பத்தி, அப்புறம் படத்துக்கு நாலு பத்தி என்று பிரித்து எழுதினால் இரண்டு தனித்தனி விமர்சனங்கள் வரும், ஒப்பீடு வராது. ஒவ்வொரு பத்தியிலும் இரண்டும் இருக்கட்டும். மூன்று இடங்கள் போதும், நாலு என்றால் அதிகம். பட்டியலில் இருக்கும் எல்லா வித்தியாசத்தையும் கொட்ட வேண்டியதில்லை, பட்டியல் உங்களுக்காகப் போட்டது. நடிப்பு நன்றாக இருந்தது, இசை நன்றாக இருந்தது என்ற வரிகள் வந்தால், அது கதையின் எந்த வரிக்குப் பதிலாக நிற்கிறது என்று சொல்ல முடிகிறதா பாருங்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

பயிற்சிக்கு அடுத்து என்ன?

தமிழில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ நல்ல சவால். சிறுகதையில் தாய் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் வேறு மாதிரி நடந்திருந்தால் என்று ஜெயகாந்தனே கேட்டு எழுதிய நாவல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, அதை பீம்சிங் 1977-இல் படமாக்கினார். இங்கே கதையோடு முதலில் வாதாடுகிறவர் எழுத்தாளரே, படம் மூன்றாவதாக வருகிறது, எனவே பட்டியலில் நாலாவது பத்தி ஒன்று தேவைப்படும். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யும் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்க’ளும் இன்னொரு ஜோடி, அங்கே கதையிலிருந்து எவ்வளவு குறைவாக எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதுதான் வேலை.

ஆனால் இந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால் ‘சத்கதி’யை எடுங்கள். அதே பிரேம்சந்த், அதே ரே, 1981-இல் தூர்தர்ஷனுக்காக எடுத்த சிறிய படம், ஓம் புரி, ஸ்மிதா பாட்டில். தோல் வேலை செய்யும் துக்கி பிராமணர் வீட்டில் கட்டை பிளந்து பிளந்து அங்கேயே செத்து விழுகிறான், பிணத்தைத் தொடாமல் அந்த பிராமணர் கயிறு கட்டி இழுத்துப் போகிறார். இங்கே ரே ஏறக்குறைய எதையுமே மாற்றவில்லை. சேர்த்தவை என்ற பத்தி கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். கதையின் கடைசி வரியில் பிரேம்சந்த், வாழ்நாள் முழுக்கச் செய்த பக்திக்கும் சேவைக்கும் கிடைத்த பரிசு இது என்று தானே வந்து பேசிவிடுகிறார். அந்த வரியைப் படம் எதைக் காட்டி ஈடு செய்கிறது, ஊட்ரமையும் அரசரையும் உருவாக்கிச் சேர்த்த அதே இயக்குநர் இங்கே ஏன் கையைக் கட்டிக்கொண்டார் என்று மேலே சொன்ன படிகளை வைத்தே எழுதிப் பாருங்கள்.